மீனுக்கு ஒதுக்கிய 10 டி.எம்.சி. எங்கே போகிறது?

காவிரி என்றதும் நம் நினைவுக்கு வருபவை குறுவையும் சம்பாவும், மேட்டூர் அணையின் நீர்மட்டமும், தில்லியில் நடைபெறும் கூட்டங்களும், உச்ச நீதிமன்றப் படிகளும்தான். இந்தப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாத பங்குதாரர் ஒருவர் உண்டு. அவருக்கு வழக்கறிஞர் கிடையாது, வாக்குச்சீட்டும் கிடையாது. ஆயினும், 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி வெளியான காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பிலேயே அவருக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

காவிரியில் ஓராண்டில் கிடைக்கும் நீரை 740 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் கணக்கிட்டது. அதில் தமிழகத்துக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. எனப் பிரித்தது. தவிர்க்க இயலாமல் கடலில் கலக்கும் நீர் என 4 டி.எம்.சி.யைக் கழித்தது. எஞ்சிய 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு என ஒதுக்கியது. அதாவது, ஆறு ஆறாகவே இருப்பதற்கும், அதில் வாழும் மீன்களும் பிற உயிர்களும் பிழைத்திருப்பதற்கும் மொத்த நீரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட இல்லாத ஓர் ஒதுக்கீடு.

சிறிய பங்குதான். ஆனால், அதன் வரலாறு கவனிக்கத்தக்கது. பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டுதோறும் அளிக்க வேண்டியதாக நடுவர் மன்றம் நிர்ணயித்த 192 டி.எம்.சி.யில் 182 தமிழகத்தின் பங்கைச் சேர்ந்தது, 10 சுற்றுச்சூழலுக்கானது. மாதவாரி அட்டவணையில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு கோடை மாதங்களுக்கும் தலா 2.5 டி.எம்.சி. என்று குறிக்கப்பட்டது. கூட்டினால் அதே 10 டி.எம்.சி. இந்தக் கோடைநீரைச் சுற்றுச்சூழல் நீராகவே காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவும் கருதி வருகிறது.

2018 பிப்ரவரி 16-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. தமிழகத்தின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் கொண்டும், பெங்களூர் மாநகரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி.யைக் கூட்டியும் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடுதலாகக் கிடைத்தது. ஜூன் முதல் ஜனவரி வரையிலான ஒவ்வொரு மாதத்தின் அளவும் அப்போது வெட்டப்பட்டது. ஆனால் பிப்ரவரி முதல் மே வரையிலான 2.5 டி.எம்.சி.யில் ஒரு துளியும் குறைக்கப்படவில்லை. உழவனின் பங்கு குறைந்தது. மீனின் பங்கு குறையவில்லை. இதன் பொருளை இரு மாநில அரசுகளும் இன்றுவரை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

யாருக்காக இந்தத் தண்ணீர்?

உலகின் வேறு எந்த ஆற்றமைப்பிலும் இயல்பாகக் காணப்படாத, காவிரிக்கே உரிய மீன் ஒன்று உண்டு. முதுகில் திமில் போல உயர்ந்த மேடும் ஆரஞ்சு நிறத் துடுப்புகளும் கொண்ட மஹசீர். 1946-ஆம் ஆண்டு கபினி ஆற்றில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. ஒரு காலத்தில் உலகெங்கிலும் இருந்து தூண்டில்காரர்களைக் காவிரிக்கரைக்கு அழைத்து வந்தது இந்த மீன்தான். இவ்வளவு புகழ் பெற்றிருந்தும் அதற்கு அறிவியல் பெயர் உறுதிப்படவே 2018-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மீனை வைத்து 2007-இல் விவரிக்கப்பட்டிருந்த 'டோர் ரெமாதேவி' என்ற இனமும் காவிரியின் திமில் மஹசீரும் ஒன்றே என்று மோயாற்றில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஆய்வாளர்கள் நிறுவினர். அதே ஆண்டில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'மிக ஆபத்தான நிலையில் உள்ளது' என்ற வரிசையில் இந்த மீன் இடம்பெற்றது. அந்த வரிசைக்கு அடுத்த படி, இயற்கையில் அற்றுப்போவது.

நடுவர் மன்றம் நீர் ஒதுக்கிய 2007-இல் மீனுக்குப் பெயர் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைக் குறைக்காமல் காத்த 2018-இல் மீனுக்கு அழிவு எச்சரிக்கை வந்தது. இது தற்செயலே. ஆனால் இந்த இரு கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க தில்லியிலோ, பெங்களூரிலோ, சென்னையிலோ எந்த அதிகாரிக்கும் தோன்றாதது தற்செயல் அல்ல. நீர்வளத் துறைக்கு மீன் தெரியாது; வனத்துறைக்கு மதகு தெரியாது.

மீன் அழிந்ததற்கு நீர்க்குறைவு மட்டுமே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடித்தது ஒரு காரணம். நல்லெண்ணத்தில் செய்த தவறு இன்னொரு காரணம். மகாராஷ்டிரத்தின் லோனாவாலா பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகள் காவிரியில் கொண்டுவந்து விடப்பட்டன. அவை பெருகின, மண்ணின் மீன் அருகியது. காலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை பதிவான மீன்பிடிக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளனர். மூன்றாவது காரணம் அணைகள். 1931-இல் கிருஷ்ணராஜசாகர், 1934-இல் மேட்டூர், 1955-இல் பவானிசாகர், 1974-இல் கபினி என ஒவ்வொன்றாக எழுந்த சுவர்கள், முட்டையிடுவதற்காக மேலே ஏறிச் செல்லும் மீன்களின் வழியை அடைத்தன. கடலிலிருந்து காவிரிக்கு ஏறிவந்த உல்லம் மீன், மேட்டூர் அணைக்குப் பின் அருகிப்போனதை மீன்வளத் துறையின் பழைய ஆவணங்களே சொல்லும்.

அணைகளை இடிக்கச் சொல்வோர் யாருமில்லை. டெல்டாவின் சோறு அந்த அணைகளில் இருக்கிறது. அணை இருக்கும்போதே மீனும் இருக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு. கோடையில் பாறைகளுக்கு இடையே உள்ள ஆழமான மடுக்களில்தான் பெரிய மீன்கள் உயிர் தாங்குகின்றன. ஓட்டம் நின்றால் மடுவின் நீர் சூடேறும், உயிர்வளி குறையும், வலைக்கும் வெடிக்கும் மீன் எளிதில் இலக்காகும். மழைக்காலம்வரை தாய்மீன் பிழைத்திருந்தால்தான் புதுவெள்ளத்தில் அது கூழாங்கல் பரப்பைத் தேடிப்போய் முட்டையிடும். பிப்ரவரி முதல் மே வரையிலான 10 டி.எம்.சி.யின் மதிப்பு இதுதான்.

கணக்கில் வரும், ஆற்றில் வராது

இனி நடைமுறையைப் பார்ப்போம். மாதம் 2.5 டி.எம்.சி. என்பது விநாடிக்கு ஏறக்குறைய 1,000 கன அடி நீர், இடைவிடாமல் மாதம் முழுவதும் ஓடுவதற்குச் சமம். ஆனால், கணக்கோ மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கப்படுகிறது. ஐந்தே நாளில் திறந்துவிட்டு மீதி நாள்களில் மதகை மூடினாலும் கணக்கு நேராகிவிடும்; மடுவிலுள்ள மீனுக்கு அது பயன்படாது. ஊதியத்தை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகத் தருகிறேன், அதுவரை பட்டினி கிட என்று தொழிலாளியிடம் சொல்வதைப் போன்றது இது.

வறட்சி ஆண்டில் இந்தக் கணக்கும் நேராவதில்லை. 2023-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. செப்டம்பர் 26-இல் பெங்களூர் முழு அடைப்பு, 29-இல் கர்நாடக முழு அடைப்பு. 2024 கோடையில் பெங்களூரே குடிநீருக்குத் திண்டாடியது. அப்போது ஒழுங்காற்றுக் குழுவின் கூட்டங்களில் தமிழகம் சுற்றுச்சூழல் நீரைக் கேட்டது. கர்நாடகம் குடிநீர்த் தட்டுப்பாட்டைக் காட்டியது. இரு தரப்பும் சுற்றுச்சூழல் என்ற சொல்லைப் பயன்படுத்தின. ஆனால் ஒரு தரப்புக்கு அது மேட்டூரில் சேரும் நீர். மறு தரப்புக்கு அது மிச்சப்படுத்தத்தக்க நீர். ஆற்றில் எத்தனை மீன் மிஞ்சியிருக்கிறது என்று கேட்டவர் எவருமில்லை.

தமிழகத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. பிலிகுண்டுலுவைக் கடந்து ஒகேனக்கல் வழியாக வரும் கோடைநீர் மேட்டூரில் நுழைந்ததும் பாசன நீராகிவிடுகிறது. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என அடுத்தடுத்து மின்உற்பத்திக் கதவணைகள் நிற்கின்றன. அங்கே ஆறு, குளங்களின் வரிசையாக மாறிவிட்டது. கர்நாடகத்திடம் சுற்றுச்சூழல் நீரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அந்த உரிமைக்கு வலுச் சேர்க்க வேண்டுமெனில், வாங்கிய நீரைச் சுற்றுச்சூழலுக்கே செலவிட்டதாகக் காட்டவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெப்பகோடியில் இருந்து பார்த்தால்

பெங்களூரின் தென்கிழக்கு விளிம்பில், ஒசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது ஹெப்பகோடி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள் கணிசமாக வாழும் பகுதி இது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. காவிரிப் பிரச்சினை வெடிக்கும்போதெல்லாம் அதன் சூட்டை முதலில் உணர்வது இந்தச் சாலைதான். 1991 டிசம்பரில் நடந்தவற்றை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் பெங்களூரில் எரிக்கப்பட்டதை இளையவர்களும் அறிவர். அத்திப்பள்ளி எல்லையில் வண்டிகள் நின்றால், அன்றைய கூலி இங்குள்ள தொழிலாளிக்கு இல்லை.

இந்தப் பகுதியில் இருந்து பார்த்தால், காவிரிக் கணக்கின் இன்னொரு ஓட்டையும் தெரியும். குடிநீருக்காக எடுக்கும் நீரில் ஐந்தில் ஒரு பங்கே செலவாகிறது, எஞ்சிய நான்கு பங்கு மீண்டும் ஆற்றுக்கே திரும்பும் என்ற அடிப்படையில் நடுவர் மன்றம் கணக்கிட்டது. பெங்களூரில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரி வடிநிலத்தில் உள்ளது என்பதும் அதன் கணக்கு. உச்ச நீதிமன்றமோ மாநகரம் முழுவதையும் கருத்தில் கொண்டு 4.75 டி.எம்.சி.யைக் கூட்டியது. குடிநீர்த் தேவை என்ற வகையில் அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் மாநகரின் கிழக்கும் தென்கிழக்கும் காவிரிக்கு அல்ல, தென்பெண்ணைக்குச் சரிகின்றன. தொரேகாடனஹள்ளியில் இருந்து சுமார் 100 கி.மீ. தொலைவுக்கு, மூன்று கட்டங்களாக மேலேற்றிக் கொண்டுவரப்படும் காவிரி நீர், இந்தப் பகுதிகளில் பயன்பட்டபின் ஏரிகள் வழியே தென்பெண்ணைக்குப் போய், ஒசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. காவிரிக்குத் திரும்புவதாகக் கணக்கில் எழுதப்பட்ட நான்கு பங்கில் பெரும்பகுதி, காவிரிக்குத் திரும்புவதே இல்லை.

மேற்குப் பகுதியின் கழிவுநீரோ விருஷபாவதி, அர்க்காவதி வழியாக, மேக்கேதாட்டுக்குச் சற்று மேலே சங்கமத்தில் காவிரியோடு சேர்கிறது. திமில் மஹசீர் ஒரு காலத்தில் பெருகி வாழ்ந்த நீர்ப்பகுதி அதுதான். மேலணைகளில் நீர் திறக்காத கோடையில், அங்கே ஓடுவதில் கழிவின் பங்கே கூடும். ஆகவே சுற்றுச்சூழல் நீர் என்பது அளவு மட்டுமன்று, தரமும்கூட.

ஹெப்பகோடி ஏரியும் பல ஆண்டுகள் கழிவுநீரில் மூழ்கிக் கிடந்ததுதான். பின்னர் அதைத் தூய்மைப்படுத்தும் பணி தொடங்கி, மிதக்கும் தாவரத் தீவுகளும் அமைக்கப்பட்டன. ஊரின் ஏரியை மீட்க முடியும் என்று கருதிய மக்களுக்கு, அந்த ஊரின் தாகம் தீர்க்கும் ஆற்றை மீட்பது பற்றிப் பேசினால் புரியாமல் போகாது.

மனிதனா, மீனா?

மனிதனுக்கே தண்ணீர் இல்லாதபோது மீனுக்கு எதற்கு என்ற கேள்வி எழும். எழுவது இயல்பு. கருகும் பயிரின் முன்னே நிற்கும் உழவனையோ, தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் தாயையோ மீனைக் காட்டிச் சமாதானம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் இந்தக் கேள்வி, மெய்யாகவே மனிதனுக்கும் மீனுக்கும் நடுவேதானா என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும்.

2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டத்தின் 77.5 கோடி லிட்டரையும் சேர்த்து, பெங்களூருக்கு நாளொன்றுக்கு 222.5 கோடி லிட்டர் காவிரி நீர் கொண்டுவர ஏற்பாடு உள்ளது. முழு அளவில் எடுத்தால் ஓராண்டுக்கு ஏறத்தாழ 29 டி.எம்.சி. இதில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குழாய்க் கசிவிலும், கணக்கில் வராத வகையிலும் போகிறது. அதாவது, 7 டி.எம்.சி.க்குக் குறையாது. மேக்கேதாட்டு அணை எதற்காக என்று கேட்டால் பெங்களூருக்கு 4.75 டி.எம்.சி. குடிநீருக்காக என்கிறது கர்நாடகம். அதைவிடக் கூடுதலான நீர் மண்ணுக்குள் ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஆக, மீனின் போட்டியாளர் குடத்தோடு நிற்கும் தாய் அல்லர், உடைந்த குழாய்.

67.16 டி.எம்.சி. கொள்ளளவுடன் திட்டமிடப்பட்டுள்ள மேக்கேதாட்டு அணை, காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் பெரும் பரப்பை மூழ்கடிக்கும். 2025 நவம்பரில் தமிழகத்தின் மனுவை, திட்ட அறிக்கை பரிசீலனை நிலையிலேயே இருப்பதால் முன்கூட்டியது என்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. இனி தில்லியில் நடைபெறும் பரிசீலனையில், நீர்ப்பங்கு வாதத்தோடு இந்த மீனின் வாழிட வாதத்தையும் தமிழகம் உரக்க முன்வைக்க வேண்டும். ஓடும் ஆற்றில் வாழும் மீனைத் தேங்கிய நீர்த்தேக்கத்தில் காப்பாற்ற இயலாது.

மேலும், மீனுக்கென ஓடும் நீர் மீனோடு நின்றுவிடுவதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களை ஃப்ளூரைடு நஞ்சிலிருந்து காக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதே ஓட்டத்தில்தான் நீர் எடுக்கிறது. பரிசல் ஓட்டியும் வலை வீசியும் பிழைக்கும் ஒகேனக்கல், மேட்டூர்க் குடும்பங்களுக்குக் கோடை ஓட்டம்தான் அடுப்பெரியும் வழி.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நடந்தது நமக்கு இருபுறமும் பாடம். 2001-இல், அருகிவரும் மீன்களைக் காக்க வேண்டும் என்று திடீரென உழவர்களின் பாசன நீரை நிறுத்தினார்கள். உழவர்கள் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டு உழவர்களுக்கு நீர் திரும்பக் கிடைத்தது. அந்தச் செப்டம்பரில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சால்மன் மீன்கள் கீழாற்றில் செத்து மிதந்தன. முன்கூட்டியே பங்கு வகுக்காமல் பற்றாக்குறை ஆண்டில் ஒருவரிடம் பறித்து மற்றவருக்குக் கொடுத்தால் இருவரும் தோற்பார்கள். நீண்ட பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு அந்த ஆற்றின் நான்கு அணைகள் 2024-க்குள் அகற்றப்பட்டன. அதே ஆண்டில் சால்மன் மேலாற்றுக்குத் திரும்பியது.

ஆஸ்திரேலியாவில் முர்ரே-டார்லிங் ஆற்றுக்கென 2007-ஆம் ஆண்டுச் சட்டம், சுற்றுச்சூழல் நீரை வைத்திருந்து நிர்வகிக்கும் தனி அதிகாரியையே நியமித்தது. உழவர் தம் பங்கை வைத்திருப்பதைப் போல ஆற்றின் பங்கை அவர் வைத்திருக்கிறார். அங்கும் குறைகள் உண்டு. 2019-இல் மெனிண்டீயில் மீன்கள் கூட்டம் கூட்டமாக இறந்தன. ஆனால், அங்கே அதற்குப் பதில் சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. காவிரியில் மீன் இறந்தால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. 2002-ஆம் ஆண்டின் தேசிய நீர்க் கொள்கை, முன்னுரிமைப் பட்டியலில் சூழலியலை நான்காம் இடத்தில் வைத்தது. 2012-ஆம் ஆண்டின் கொள்கை, ஆற்றுநீரில் ஒரு பகுதியைச் சூழலியலுக்கென ஒதுக்கிவைக்க வேண்டும் என்றது. கங்கைக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு குறைந்தபட்ச ஓட்டத்தை அறிவிக்கை செய்தது. கங்கைக்குச் செய்ய முடிந்ததைக் காவிரிக்குச் செய்ய இயலாதா?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, காவிரி மேலாண்மை ஆணையம் இந்த 10 டி.எம்.சி.க்குத் தனிக் கணக்கு தொடங்க வேண்டும். மாதக் கூட்டுத்தொகையாக அன்றி, நாள்தோறும் குறைந்தபட்ச ஓட்டமாக அதை அளந்து வெளியிட வேண்டும்.

இரண்டாவதாக, பற்றாக்குறை ஆண்டில் பங்குகள் விகிதப்படி குறையும் என்பதே தீர்ப்பின் நெறி. அந்த நெறி மீனுக்கும் பொருந்தட்டும். உழவனுக்குப் பாதி என்றால் மீனுக்கும் பாதி. பூஜ்யம் என்பது யாருக்கும் இருக்கக் கூடாது.

மூன்றாவதாக, தமிழகம் யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. திமில் மஹசீரின் கடைசிப் புகலிடமாக இன்று அறியப்படுவது மோயாறு. முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் தொட்டு ஓடி பவானிசாகரில் சேரும் அந்த ஆற்றின் ஏற்ற இறக்கம், மேலே பைக்காரா நீர்மின் நிலையங்கள் எப்போது இயங்குகின்றன என்பதைப் பொறுத்தது. அந்த மின்நிலையங்களும் நம் அரசுடையவை; அந்தக் காடும் நம் அரசுடையது. மீனுக்கு உகந்தவாறு நீர் திறக்கும் அட்டவணையை மின்வாரியமும் வனத்துறையும் ஒரே அறையில் அமர்ந்து வகுத்தால் போதும். இதற்கு நடுவர் மன்றம் தேவையில்லை.

நான்காவதாக, காவிரி வடிநிலத்தில் அயல் மஹசீர்க் குஞ்சுகளை விடுவதை இரு மாநிலங்களும் அறவே நிறுத்த வேண்டும். நீர் கொடுத்தும் இனம் கலந்துவிட்டால் பயனில்லை.

ஐந்தாவதாக, பெங்களூர் தன் கழிவுநீரைச் சுத்திகரித்தே ஆற்றில் விட வேண்டும். கசிவை அடைத்த பிறகே கூடுதல் நீர் கேட்க வேண்டும்.

காவிரியில் தமிழகமும் கர்நாடகமும் ஒத்துப்போக ஒன்றுமே இல்லை என்று அரசியல்வாதிகள் நம்மை நம்பவைத்திருக்கிறார்கள். ஹாசன் மாவட்டம் ராமநாதபுரத்தில் கோயில் படித்துறையில் மஹசீருக்குப் பொரி போடும் கன்னடரும், ஆடிப்பெருக்கில் ஆற்றை வணங்கும் தமிழரும் ஒரே நதியைத்தான் தாயென்கிறார்கள். குறுவைக்கும் குடிநீருக்கும் இடையே உடன்பாடு எட்டக் காலம் ஆகலாம். இருவருக்கும் நட்டமில்லாத, தீர்ப்பிலேயே எழுதப்பட்டுவிட்ட, நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்கும் குறைவான இந்த நீரிலாவது உடன்பாடு காண்பது கடினமன்று. அங்கே தொடங்கினால், ஒசூர் சாலையில் அடுத்த முறை வண்டிகள் நிற்காமல் இருக்கவும் வழி பிறக்கலாம். ஒழுங்காற்றுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் யாரேனும் ஓர் உறுப்பினர் இந்தக் கேள்வியை எழுப்பட்டும்: இந்தக் கோடையில் மீனுக்குரிய நீர் ஆற்றில் ஓடியதா?